பழையது வலமாகச் சுற்றும், புதியது இடமாகச் சுற்றும்

ரிவால்வரில் பழசு நல்லதா, புதுசு நல்லதா என்று என்னிடம் கேட்காத ஆள் பாளையங்கோட்டை போலீஸ் ரிசர்வ் லைனில் இப்போது ஒருவரும் இல்லை. போன மாதம் புதுச் சரக்கு ஒரு பெட்டி வந்து இறங்கியதிலிருந்து ஆர்மரர் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். பழசின் இரும்பு மாதிரி வருமா என்கிறது ஒரு கட்சி. பழசையெல்லாம் கொண்டுபோய் ஆற்றில் போடு என்கிறது இன்னொரு கட்சி. சாயங்காலமானால் இரண்டு கட்சியும் சேர்ந்து என் வீட்டுக்கு வந்து, என் பெண்டாட்டி போடுகிற காப்பியைக் குடித்துவிட்டு, என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்கின்றன. பென்ஷன் வாங்குகிறவனுக்கு வேறு சோலி இல்லை என்று நினைப்பு. ஒரே தடவையாக எழுதிக் கொடுத்துவிட்டால் காப்பிப்பொடியாவது மிச்சமாகும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பேர் ஞானமுத்து. ஜில்லா போலீஸ் ரிசர்வில் ஆர்மரராக இருந்தேன். துப்பாக்கிக்கு வைத்தியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுடுவது என் வேலை இல்லை, சுட்டதும் சொற்பம். மிஷன் தொழிற்பள்ளிக்கூடத்தில் கொல்லுப்பட்டறை, அப்புறம் சென்னையில் சர்க்கார் ஆயுதக் கிடங்கில் கொஞ்ச காலம் அரம் பிடித்தது, இவ்வளவுதான் என் படிப்பு. நான் சொல்லப்போகிற காலம் பெரிய யுத்தத்துக்கு முந்தியது. அப்போது எங்கள் ஆயுதக் கொட்டடியில் பழைய ரிவால்வரும் புதிய ரிவால்வரும் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்து ஆணியில் தொங்கின. இரண்டையும் கழற்றி மாட்டினவன் என்ற முறையில் பேசுகிறேன்.

பழசின் பெருமை பேசுகிறவர்கள் அதைக் கழற்றிப் பார்த்தவர்கள் இல்லை. ஒவ்வொரு துண்டையும் எவனோ ஒருவன் உட்கார்ந்து அரத்தால் ராவிப் பொருத்தியிருப்பான். பார்க்க அழகுதான். ஆனால் ஒன்றின் திருகாணி இன்னொன்றில் ஏறாது. ஒரு வில் உடைந்தால் நான் ஒரு பொழுது முழுக்க உட்கார்ந்து இன்னொரு வில் அடிக்க வேண்டும். புதுசில் அந்தத் தொல்லை இல்லை. டப்பாவைத் திறந்து எடுத்து மாட்டினால் முடிந்தது. பழசின் விசையை அமுக்க ஒரு விரல் போதாது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமுக்க வேண்டும். புதுசு தொட்டால் போதும். பழசில் தோட்டாவை உருவ வேண்டுமென்றால் பக்கவாட்டில் சின்னக் கதவு ஒன்று இருக்கும், அதைத் திறந்து, கம்பியால் குத்தி, ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். புதுசை நடுவில் மடக்கினால் எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்து விழும்.

மருந்தும் வேறு. பழசு கருமருந்துக்குச் செய்தது. சுட்டால் அடுப்படி மாதிரி புகையும். புதுசு புகையில்லா மருந்துக்குச் செய்தது. அதன் அடி பெரிது. மலைமேல் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் தன் தகப்பனார் வைத்திருந்த ரிவால்வரை ஒருநாள் கொட்டடிக்குக் கொண்டுவந்தார். இந்த மாதிரி இரும்பு இப்போது உண்டா என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தார். பார்த்தால், தோட்டா போடுகிற உருளை ஒரு பக்கம் வெற்றிலை அடக்கின கன்னம் மாதிரி உப்பியிருந்தது. பழைய துப்பாக்கியில் புது மருந்துத் தோட்டாவைப் போட்டுச் சுட்டிருக்கிறார். இன்னும் ஒன்று சுட்டிருந்தால் விரல்கள் மலையிலேயே தங்கியிருக்கும். அதைத் தட்டிச் சரிபண்ண முடியுமா என்று கேட்டார். முடியாது, சுவரில் மாட்டி வையுங்கள் என்றேன். அவருக்கு மனத்தாங்கல். தகப்பனார் பேரை நான் கெடுத்துவிட்டது போல என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆக, வேலைக்கு எது என்று கேட்டால் புதுசுதான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பழசு என்பதற்காகக் கும்பிட அது சாமி இல்லை. ஆனால் இந்தப் பிள்ளைகள் பழசையும் புதுசையும் பற்றிப் பேசுகிறார்களே தவிர, ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போகிற கையைப் பற்றிப் பேசுவதில்லை. அதற்காகத்தான் ஸ்ரீவைகுண்டத்துக் கேஸை எழுதுகிறேன்.

அதற்கு முன் எங்கள் ரிசர்வ் இன்ஸ்பெக்டரைச் சொல்ல வேண்டும். பேர் வேங்கடப்பா நாயுடு. சித்தூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் ஊர்ப் பேச்சு அவருக்குக் கடைசிவரை வரவில்லை. அச்சடித்த மாதிரி பேசுவார். யாரையும் வைய மாட்டார். வைதிருந்தால் தேவலை என்று தோன்றும். தப்புச் செய்தவனை அந்த வேலையை முதலிலிருந்து மறுபடி செய்யச் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். பொடி போடுகிற மனிதர், ஆனால் ஆயுதம் மேஜையில் இருக்கும்போது பொடிமட்டை மடியை விட்டு வெளியே வராது.

கொட்டடிக்குள் எந்தத் துப்பாக்கி வந்தாலும் அதன் வாய் முதலில் மணல் மூட்டையைப் பார்க்க வேண்டும். கையைக் கழுவ வேண்டும். மேஜைமேல் வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். ஒரு துரும்பு விழுந்தாலும் தெரிய வேண்டும் அல்லவா. பிறகுதான் தொடலாம். காலியா என்று நாயுடு கேட்கவே மாட்டார். "யார் பார்த்தது?" என்றுதான் கேட்பார். நான் பார்த்தேன் என்றால், "சரி. இப்போது நான் பார்க்கிறேன். அப்புறம் நீர் மறுபடியும் பாரும்" என்பார். ஒரு துப்பாக்கியை மூன்று தடவை பார்த்துத் தீருகிறதற்குள் எனக்குப் பசி வந்துவிடும். லைசென்ஸ்காரர்கள் ஒப்படைக்கிற ஆயுதங்களுக்கு வேறு சட்டம் வைத்திருந்தார். தோட்டாவை மட்டும் எடுத்துவிட்டு, மேலிடத்து உத்தரவு வருகிற வரைக்கும் உள்ளே துடைக்காமல், வந்தது வந்தபடி சீட்டுக் கட்டித் தொங்கவிட வேண்டும். துருப்பிடித்தால் என் தலையில்தானே விடியும் என்று நான் முணுமுணுப்பேன். காதில் விழாதவர் மாதிரி இருப்பார்.

அப்படி ஒப்படைக்க ஒருநாள் சங்கரலிங்கம் என்பவர் வந்தார். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே ஒரு பெரிய பண்ணையின் காரியஸ்தர். நெல்லும் வாழையுமாக நூற்றுக்கணக்கான கோட்டை விதைப்பாடுள்ள நிலம்; அதற்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலும், அதே வாய்க்காலை நம்பியிருக்கிற சின்னச் சின்னக் குத்தகைக்காரர்களும் அவர் அதிகாரத்தில். சரிகைத் துண்டு, கையில் பழைய ரிவால்வர்.

"இந்தாரும், வாங்கிக்கிடும். பண்ணையார் எனக்குப் புதுசு ஒண்ணு மெட்ராஸ்ல இருந்து வரவழச்சிக் குடுத்துட்டாவ. ஒரு லைசென்சுக்கு ஒண்ணுதான்னு தாலுகா கச்சேரியில சொல்லிட்டான்."

வாயை மணல் மூட்டைக்குத் திருப்பி, பக்கத்துக் கதவைத் திறந்தேன். உருளையில் ஆறு துளை உண்டு. கண் என்று சொல்லுவோம். ஒரு கண் ஒரு தோட்டா கொள்ளும். பின்னாலிருந்து வந்து அடிக்கிற சுத்தியலுக்குக் குதிரை என்று பேர். விசையை அமுக்கினால் உருளை ஒரு கண் சுற்றி, அடுத்த கண்ணில்தான் குதிரை அடிக்கும். பழைய துப்பாக்கி கைதவறிக் கீழே விழுந்தால் குதிரை தோட்டாவில் தட்டி வெடித்துவிடும். அதனால் குதிரை உட்கார்ந்திருக்கிற கண்ணை மட்டும் காலியாக விட்டு, மிச்சம் ஐந்தில் போடுவது எல்லோரும் செய்கிற காரியம். இவருடையதில் நாலு தோட்டாதான் வந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கண் காலி.

"அண்ணாச்சி, ஒரு கண்ணு காலியா விடுவாவ, சரி. இது எதுக்கு ரெண்டு?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அதுலதாம்வே இருக்கு சூட்சுமம். மொத அமுக்குல சொடக்குனு சத்தம் மட்டும் வரும். ஆளு ஓடிருவான். ஓடாதவனுக்குல்லா ரெண்டாவது. இன்ன வரைக்கும் ரெண்டாவதுக்கு வேல வரல."

"ஆளு மேல நீட்டியா அமுக்குவீய?"

"பொறவு, ஆகாசத்தப் பாத்தா அமுக்குவாவ? என்ன வே கேக்கீரு."

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் என்ன, அவர் வாங்கியிருக்கிற புதுசு கச்சேரியில் பதிந்து வீட்டுக்குப் போய்விட்டது, என் கண்ணில்கூடப் படவில்லை. பழசை விதிப்படி துடைக்காமல் சீட்டுக் கட்டித் தொங்கவிட்டேன். அதன் வில் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. வாய்க்கால் கரையில் அவருக்குச் சொடக்கு அண்ணாச்சி என்று பட்டப்பேர் இருப்பதும், அவர் தலை தெரிந்தால் வேலை செய்கிறவர்கள் வாய்க்குள்ளேயே நாக்கைச் சொடக்கிக்கொள்வார்கள் என்பதும் அப்புறம்தான் எனக்குத் தெரியும்.

அவர் பழசை ஒப்படைத்தது ஐப்பசி மழைக்கு முந்தி. மாசி மாதம் ஆற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. பிசானப் போகத்து நெல் பால்பிடித்து நிற்கிற நேரம்; ஒரு நாள் தண்ணீர் தவறினால் கதிர் பதராகிவிடும். முறைவைத்துத்தான் பாய்ச்சினார்கள். தன் முறை வந்துவிட்டது என்று சுடலைமுத்து என்கிற குத்தகைக்காரர் ஒரு காலையில் மடையின் அடைப்புப் பலகையை உருவப் போனார். பண்ணையின் முறை இன்னும் முடியவில்லை என்று காரியஸ்தர் வந்தார். வார்த்தை தடித்தது. காரியஸ்தர் உறையிலிருந்து புது ரிவால்வரை எடுத்து நீட்டினார். வெடித்தது. குண்டு சுடலைமுத்துவின் நெஞ்சில் பாய்ந்தது. வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

காரியஸ்தர் ஓடவில்லை. வாய்க்கால் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். போலீஸ் வந்து கையைப் பிடித்தபோதும், "மொத கண்ணு காலிலா, மொத கண்ணு காலிலா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். நல்லாக் கதை கட்டுகிறான் என்று எழுதிக்கொண்டார்கள். கொலைக் கேஸ். ருசுவானால் தூக்கு.

துப்பாக்கி எங்கள் கொட்டடிக்கு வந்தது. கூடவே ஒரு காகித உறை. அதில் மூன்று வெடிக்காத தோட்டா, வெடித்துத் தீர்ந்த வெறும் கூடு ஒன்று. எந்தக் கண்ணில் எது இருந்தது என்று கேட்டால், கொண்டுவந்த ஏட்டு தலையைச் சொறிந்தார். ஸ்டேஷனில் புதுசை ஆசையாக மடக்கிப் பார்த்திருக்கிறார். நாலும் பொலபொலவென்று மேஜையில் கொட்டிவிட்டது.

நாயுடு கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "பழசாக இருந்திருந்தால் நீர் அரை நாள் முக்கியிருப்பீர், ஏட்டையா. சாட்சியும் தப்பியிருக்கும்." இதுதான் அவர் வைகிற வசவு.

பிறகு வேலையைத் தொடங்கினோம். வெள்ளைத் துணி. மணல் மூட்டை. யார் பார்த்தது, நான் பார்த்தேன், அவர் பார்த்தார், மறுபடி நான். உருளையைத் தனியே கழற்றி, சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றால் வெயிலை உள்ளே திருப்பி, ஒவ்வொரு கண்ணாக நோக்கினோம். ஐப்பசிக்கு முந்திப் போட்ட தோட்டா, மாசி வரைக்கும் ஈரத் தோலுறைக்குள் எடுக்காமலே கிடந்திருக்கிறது. தோட்டாவின் பித்தளை களிம்பேறி, இருந்த இடத்தில் பச்சையாக ஒரு வளையம் விட்டிருந்தது. நாலு கண்ணில் வளையம். இரண்டு கண் சுத்தம், பக்கத்துப் பக்கத்தில். வளையம் இருந்த நாலில் ஒன்று மட்டும் உள்ளே கரி பிடித்திருந்தது, வெடித்தது அது. பின்னாலிருந்து பார்க்க, சுத்தமான இரண்டுக்கும் வலப்பக்கத்தில் அடுத்ததாக இருந்தது அந்தக் கரிக் கண்.

காரியஸ்தர் பழசை ஒப்படைத்தபோது சொன்னதை நாயுடுவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். "பழசை எடுத்து வாரும்" என்றார்.

துடைக்காமல் வைத்தது அன்றைக்குத்தான் உதவியது. அதிலும் நாலு கண்ணில் வளையம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுத்தம். ஒரே கை போட்ட தோட்டா. இரண்டையும் துணிமேல் வைத்து, ஒன்றுமாற்றி ஒன்றாக விசையை அமுக்கிப் பார்த்தோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழசின் உருளை வலமாகச் சுற்றியது. புதுசின் உருளை இடமாகச் சுற்றியது. எல்லாப் பழசும் வலம், எல்லாப் புதுசும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். இந்த இரண்டும் அப்படி அமைந்துவிட்டன.

விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். காலியான இரண்டு கண்ணில் ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். இடக்காலி, வலக்காலி என்று வைத்துக்கொள்வோம். பழசில் குதிரை வலக்காலியின் மேல் இருக்கும். விசையை அமுக்கினால் உருளை வலமாகச் சுற்றி இடக்காலி குதிரைக்கு நேராக வரும். சொடக்கு என்ற சத்தம்தான் கேட்கும். அதே மாதிரி புதுசிலும் குதிரையை வலக்காலியின் மேல் வைத்து அமுக்கினால், உருளை இடமாகச் சுற்றும். நேராக வருவது வலப்பக்கத்துத் தோட்டா. முதல் அமுக்கிலேயே வெடிக்கும்.

"அய்யா, இந்த ஆளு பொய் சொல்லல!" என்று நான் கத்தியே விட்டேன். "பழைய பழக்கத்துல புதுசுலயும் அப்படியே போட்டிருக்காரு. மொத கண்ணு காலின்னு நெனச்சித்தான் அமுக்கியிருக்காரு."

நாயுடு புதுசை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ஞானமுத்து, புதுசு இடமாகச் சுற்றும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தால்?"

"தெரிஞ்சா..."

"தெரிந்திருந்தால் குதிரையை இடக்காலியின் மேல் வைத்திருப்பார். செய்து பாரும்."

வைத்தேன். அமுக்கினேன். வலக்காலி நேராக வந்தது. சொடக்கு. இன்னொரு தடவை அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். அதே கண். கரி பிடித்த அதே கண் குதிரைக்கு நேராக வந்து நின்றது.

"ஒரு தடவை அமுக்கி வெடித்தாலும் இந்தக் கண். முதலில் சொடக்கிவிட்டு, ஆள் ஓடவில்லை என்று வேண்டுமென்றே இரண்டாவது தடவை அமுக்கியிருந்தாலும் இந்தக் கண். ஒரு தடவை என்றால் அவர் சில வருஷம் ஜெயிலில் இருப்பார். இரண்டு தடவை என்றால் தூக்கு. எத்தனை தடவை என்பது இந்த இரும்பில் இல்லை. பார்த்ததைச் சொல்லும், அதற்கு மேல் சொல்லாதேயும்."

எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளினவன் தலையில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மனிதர் வெளியே போய் நிதானமாகப் பொடி போட்டார்.

செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை வந்தது. இரண்டு ரிவால்வரையும் முத்திரை போட்ட பெட்டிகளில் வைத்து நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். வராந்தாவில் காரியஸ்தரைக் கைவிலங்கோடு நிறுத்தியிருந்தார்கள். சரிகைத் துண்டு இல்லை. பாதி ஆளாகிவிட்டிருந்தார். என்னைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது.

"ஞானமுத்து, ஒம்மகிட்டதான வே சொன்னேன்? மொத கண்ணு காலின்னு ஒம்மகிட்டதான சொன்னேன்? அத மட்டும் சொல்லிரும். எம்புள்ளைக அனாதையாப் போயிரும்."

"சொல்லுதேன் அண்ணாச்சி" என்றேன். வேறு என்ன சொல்ல?

நாலு எட்டு தள்ளிச் செத்துப்போனவரின் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பெண்டாட்டி பேச்சியம்மாள், மடியில் கைக்குழந்தை. அவள்தான் சம்பவத்தின்போது பக்கத்தில் நின்றவள். மற்றவர்கள் இரண்டு வயல் தள்ளி வேலையில் இருந்தவர்கள், வெடிச்சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தவர்கள். சுடலைமுத்துவின் அண்ணன் அவளிடம் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாகக் கேட்டது.

"ரெண்டு சத்தம்னு சொல்லு தாயி. மொதல்ல சொடக்கு, பொறவு வெடி. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவன் தூக்குல தொங்கணும்லா. எந்தம்பி வயித்தெரிச்சல் அடங்கணும்லா."

பேச்சியம்மாள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். அவர் அதையே மறுபடியும் சொன்னார். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கல்லு மாதிரி இருந்தேன். போய் அவரைத் தடுக்கவும் எனக்கு வாய் வரவில்லை. அவர் தம்பியைப் பறிகொடுத்தவர், நான் யார்?

என்னைக் கூப்பிட்டார்கள். பழசு, புதுசு, களிம்பு வளையம், வலம், இடம் எல்லாம் சொன்னேன். வெள்ளைக்கார ஜட்ஜ், நான் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் இங்கிலீஷில் சொல்ல, இரண்டு துப்பாக்கியையும் தம் கையாலேயே அமுக்கிப் பார்த்தார். காரியஸ்தரின் வக்கீல் எழுந்து, ஆகவே இது கைப்பிசகுதானே என்று கேட்டார். ஒரு தடவை அமுக்கியிருந்தால் கைப்பிசகு என்றேன். உம்முடைய அபிப்பிராயம் என்ன என்றார். குற்றவாளிக் கூண்டில் நிற்கிற காரியஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அபிப்பிராயம் எனக்கு இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை என்றே என் மனசு சொன்னது. ஆனால் நான் சத்தியம் செய்தது பார்த்ததைச் சொல்ல. எத்தனை தடவை என்று துப்பாக்கியைப் பார்த்துச் சொல்ல முடியாது என்றேன். கூண்டிலிருந்து ஒரு முனகல் வந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பிறகு பேச்சியம்மாள். குழந்தையை மைத்துனர் வாங்கிக்கொண்டார். மடை, பலகை, வாய்ச்சண்டை எல்லாம் சொன்னாள். குரல் தாழ்வாக இருந்தாலும் தடுமாறவில்லை. ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னார்.

"வெடிச்சத்தத்துக்கு முன்னால் வேறு சத்தம் ஏதாவது கேட்டதா? யோசித்துச் சொல்."

அவள் மைத்துனரைப் பார்த்தாள். காரியஸ்தரைப் பார்த்தாள். அந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ஆள் முடிந்தார். கேட்பார் யாரும் கிடையாது.

"கேக்கல சாமி" என்றாள்.

மைத்துனர் தலையில் கைவைத்துக்கொண்டார். நிச்சயமாகத் தெரியுமா என்று மொழிபெயர்ப்பாளர் திரும்பவும் கேட்டார்.

"எப்படித் தெரியாமப் போகும்? அந்தச் சத்தத்துக்குத்தான நாங்க நின்னுக்கிட்டிருந்தோம். எப்பவும் மொதல்ல சொடக்குனு வரும். வந்தவொடனே ஓடிருவோம். அன்னைக்கும் காரியஸ்தரு நீட்டுனவொடனே நான் எங்க வீட்டுக்காரரு கையப் பிடிச்சி இழுத்தேன். 'இரு பேச்சி, சொடக்கட்டும், அதுக்குள்ள இந்தப் பலகைய உருவிருதேன்'னாவ. சிரிச்சிக்கிட்டுத்தான் சொன்னாவ. சொடக்கல சாமி. நேர வெடிச்சிட்டு."

மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. காரியஸ்தர் கூண்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யூனிபாரத்தில் இருந்ததால் துடைக்காமல் நின்றேன். முதல் கண் காலி என்று நீட்டினவர் நம்பியிருக்கிறார், எதிரே நின்றவரும் அதையேதான் நம்பியிருக்கிறார். கொட்டடியில் அத்தனை தடவை விசையை அமுக்கிப் பார்த்தோமே, இது எனக்கும் தோன்றவில்லை, நாயுடுவுக்கும் தோன்றவில்லை.

கொலைக் குற்றம் நிற்கவில்லை. மனிதர்மேல் துப்பாக்கியை நீட்டி விளையாடியதற்குக் காரியஸ்தருக்கு ஜெயில் கிடைத்தது, கழுத்து தப்பியது. அவருடைய ஆட்கள் வராந்தாவில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். சுடலைமுத்துவின் அண்ணன் யாரிடமும் பேசாமல் வண்டி பூட்டப் போய்விட்டார்.

நான் இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது பேச்சியம்மாள் குழந்தையோடு கீழே நின்றுகொண்டிருந்தாள். எனக்காகத்தான் நிற்கிறாள் என்று பக்கத்தில் போனபிறகுதான் தெரிந்தது. பெட்டிகளைப் பார்த்தாள்.

"இதுல எது அண்ணாச்சி பழசு?"

வலக்கையில் இருந்ததைக் காட்டினேன்.

"இது எப்படி ஒங்ககிட்ட வந்தது?"

"அவருதாம்மா கொண்டாந்து குடுத்தாரு. ஒரு ஆளுக்கு ஒரு துப்பாக்கிதான்னு சட்டம். புதுசு வந்தா பழச எங்ககிட்ட ஒப்படச்சிரணும்."

அவள் அந்தப் பெட்டிமேல் ஒரு விரலை வைத்தாள். வண்டியிலிருந்து மைத்துனர் கூப்பிட்டார். குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

"இத அவருகிட்டயே விட்டிருக்கலாம்லா அண்ணாச்சி" என்றாள். பதிலுக்கு நிற்காமல் வண்டியை நோக்கிப் போனாள்.